மணல் நின்ற இடம்

செவ்வாயில் நீர் தேடிய கதை – 11

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது நீர்காத்த அய்யனார் கோயில். அதை ஒட்டி இறங்கும் காட்டாற்றை ஊரில் அய்யனார் கோயில் ஆறு என்பார்கள். மலையில் மழை பெய்தால் நுங்கும் நுரையுமாக வரும். நாலு நாள் வெயில் அடித்தால் பாறையும் கூழாங்கல்லும் மணலுமாகக் கிடக்கும். சிறுவயதில் பெரியப்பாவோடு போகும்போது நான் பார்த்தது பெரும்பாலும் அந்தக் காய்ந்த ஆற்றைத்தான். அவர் கரையில் நின்று ஒரு சுற்றுப் பார்ப்பார். “முந்தாநாள் ராத்திரி இடுப்பளவு வந்துருக்குடா தம்பி” என்பார். “நீங்க பாத்தீங்களா பெரியப்பா?” என்று கேட்டால், புதரில் சிக்கியிருக்கும் சருகைக் காட்டுவார். பாறையில் நுரை ஒட்டிக் காய்ந்த கோட்டைக் காட்டுவார். மணல் எந்த வளைவில் ஒதுங்கியிருக்கிறது என்று காட்டுவார்.

நீரைப் பார்க்காமலே நீர் ஓடியதைச் சொல்லும் இந்த வித்தையைத்தான் செவ்வாயை ஆராய்ந்தவர்களும் கற்க வேண்டியிருந்தது. அவர்கள் நின்று பார்த்த கரை மட்டும் சராசரியாக 22 கோடி கிலோமீட்டர் தள்ளி இருந்தது.

இதுவரை வந்த பகுதிகளில் பழைய ஆறுகளைப் பார்த்தோம். 1877இல் இத்தாலியின் ஸ்கியாபரெல்லி செவ்வாயில் கோடுகளைக் கண்டு ‘கனாலி’ என்றார். வாய்க்கால், தடம் என்று பொருள் தரும் அந்தச் சொல் ஆங்கிலத்துக்குப் போனபோது ஆள் வைத்து வெட்டிய கால்வாயாக மாறிவிட்டது. அந்தக் கால்வாய்களை வெட்டியவர்களைத் தேடியே பெர்சிவல் லோவல் தன் வாழ்நாளைச் செலவிட்டார். 1965 ஜூலையில் மரைனர் 4 அனுப்பிய இருபத்திரண்டு படங்களில் கால்வாயும் இல்லை, காடும் இல்லை. நிலவைப் போன்ற பள்ளங்கள்தான் இருந்தன. 1971 நவம்பரில் மரைனர் 9 போய்ச் சேர்ந்தபோது கோள் முழுவதும் புழுதிப்புயல். அது அடங்கியதும் தெரிந்தவை யாரும் வெட்டாத, தாமாக வளைந்து நெளிந்து ஓடிய, வறண்ட ஆற்றுப் படுகைகள். அவை 300 கோடி ஆண்டுகளுக்கும் முற்பட்டவை.

இந்தப் பகுதியின் கேள்வி வேறு. இன்று, நாம் வாழும் இந்தக் காலத்தில், செவ்வாயின் தரையில் எங்காவது நீர் ஓடுகிறதா?

2010இல் அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் லுஜேந்திர ஓஜா என்ற மாணவர் படித்துக்கொண்டிருந்தார். நேபாளத்திலிருந்து போனவர், இன்னும் இளநிலைப் பட்டம்கூட முடிக்காதவர். பேராசிரியர் ஆல்ஃபிரட் மெக்கீவனின் குழுவில் அவருக்குப் படங்களை ஒப்பிடும் வேலை கிடைத்தது. 2006 முதல் செவ்வாயைச் சுற்றிவரும் நாசா விண்கலத்தில் ஹைரைஸ் என்ற கேமரா இருக்கிறது. சுமார் 300 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, தரையில் கிடக்கும் ஒரு சாப்பாட்டு மேசையைக் காட்டக்கூடிய கேமரா அது. ஒரே சரிவை வெவ்வேறு மாதங்களில் எடுத்த படங்களை ஓஜா அடுத்தடுத்து வைத்துப் பார்த்தார். பள்ளங்களின் செங்குத்தான உள்சுவரில், பாறை முகப்புகளுக்குக் கீழே, கருத்த மெல்லிய கோடுகள் இறங்கியிருந்தன. அகலம் அரை மீட்டரிலிருந்து 5 மீட்டர்; நீளம் சில நூறு மீட்டர் வரை.

கோடுகள் இருந்தது பெரிய வியப்பில்லை. அவை வளர்ந்ததுதான் வியப்பு. கோடை தொடங்கியதும் முளைத்து, வெயில் ஏற ஏறக் கீழ்நோக்கி நீண்டு, குளிர்காலத்தில் வெளிறி மறைந்தன. அடுத்த கோடையில் அதே சரிவுகளில் மறுபடி வந்தன. நம் ஊர் ஓடைக்கு ஐப்பசி எப்படியோ, அப்படி அவற்றுக்கு ஒரு பருவம் இருந்தது. 2011 ஆகஸ்டில் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வந்தது. உப்புநீர் கசிவதாக இருக்கலாம் என்று எழுதினார்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லோடுதான் எழுதினார்கள் என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும்.

ஏன் உப்புநீர்? வெறும் நீரால் அங்கே தாக்குப்பிடிக்க முடியாது. நம் கடல் மட்டத்தில் காற்றின் அழுத்தம் 1013 மில்லிபார். செவ்வாயில் சராசரி 6 மில்லிபார்தான். 6.1 மில்லிபாருக்குக் கீழே போனால் நீருக்குத் திரவ நிலை என்பதே கிடையாது. பனிக்கட்டி உருகாமல் நேரே ஆவியாகிவிடும், பூஜைத் தட்டில் கற்பூரம் கரைந்து போவதைப் போல. ஹெல்லாஸ் போன்ற ஆழமான தாழ்நிலங்களில் அழுத்தம் 12 மில்லிபார் வரை போகும். அங்கேகூட 10 பாகை வெப்பத்துக்குள் நீர் கொதித்துவிடும். நாம் பானையில் ஊற்றிக் குடிக்கும் குளிர்ந்த தண்ணீரின் வெப்பம்கூட அதைவிட அதிகம்.

உப்பு சேர்ந்தால் கதை மாறுகிறது. அடைமழைக் காலத்தில் அடுப்படியில் கல்லுப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். “உப்பு தண்ணி விட்டுருச்சு” என்பார்கள் வீட்டுப் பெண்கள். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றின் ஈரத்தை உப்பே இழுத்துக் கரைந்திருக்கிறது. 2008இல் செவ்வாயின் வடதுருவச் சமவெளியில் இறங்கிய ஃபீனிக்ஸ் கலம் மண்ணைத் தோண்டியபோது அடியில் பனிக்கட்டி தெரிந்தது. மண்ணுக்குள் பெர்குளோரேட் உப்பும் இருந்தது. இந்தக் குடும்பத்து உப்புகள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து ஊரான சிவகாசிக்கு அந்நியம் இல்லை. தீக்குச்சித் தலையில் இருப்பது அதன் தம்பியான பொட்டாசியம் குளோரேட். பட்டாசுத் தொழிலில் சோடியம் உப்புகளை ஒதுக்கிப் பொட்டாசியம் உப்புகளை எடுப்பதற்குக் காரணம், அவை எளிதில் நமுத்துப் போகாது என்பதே. செவ்வாய் மண்ணில் பேசப்பட்டவையோ மக்னீசியம், சோடியம் பெர்குளோரேட்டுகள். ஈரத்தை இழுப்பதில் வல்லவை. அவை கரைந்த நீர் பூஜ்யத்துக்குக் கீழே 60, 70 பாகை வரைகூட உறையாது. செவ்வாயின் குளிருக்கு ஏற்ற நீர் அதுதான்.

2015 செப்டம்பர் 28. நாசா செய்தியாளர்களைக் கூட்டியது. பலிகிர், ஹாரோவிட்ஸ், ஹேல் என்ற மூன்று பள்ளங்களிலும், கோப்ரடஸ் பெரும்பிளவிலும் அந்தக் கருங்கோடுகள் அகலமாகப் படர்ந்த நேரத்தில், அதே விண்கலத்தின் நிறமாலைமானி நீர் சேர்ந்த உப்பின் அடையாளத்தைக் கண்டிருந்தது. கட்டுரையின் முதல் பெயர் ஓஜா. அப்போது அவர் ஜார்ஜியாவில் ஆய்வு மாணவர். ‘செவ்வாயில் இன்றும் நீர் ஓடுகிறது’ என்று உலகமெங்கும் செய்தி பரவியது. கண்டது உப்பின் அடையாளம். செய்தியில் அது ஓடும் நீராகிவிட்டது. ‘கனாலி’ கால்வாயான 1877ஆம் ஆண்டின் கதை, 138 ஆண்டுகள் கழித்து வேறு உருவில் திரும்ப நடந்தது என்றே நான் எண்ணுகிறேன். இந்த முறை தவறு மொழிபெயர்ப்பில் இல்லை, ஆசையில் இருந்தது. அந்த ஆசையை நான் குறைசொல்ல மாட்டேன். மழை பொய்த்த ஆண்டுகளில் மேற்கே மின்னினாலே ‘மழை வந்துவிட்டது’ என்று சொல்லும் ஊர் எங்களுடையது.

கணக்கு உதைத்தது, அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்ற இடத்தில். ஸ்ரீவில்லிபுத்தூரில் மழையின் சுற்று மார்கழிதோறும் வீட்டுப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். திருப்பாவையின் நான்காம் பாசுரத்தில், கடலில் புகுந்து நீர் முகந்து, மேலேறிக் கருத்து, மின்னி இடித்துப் பொழியும்படி மழையை ஆண்டாள் கேட்கிறாள். செவ்வாயில் அந்தச் சுற்று அறுந்து போய்விட்டது. அங்கே கடல் இல்லை, மழையும் இல்லை. காற்றில் உள்ள நீராவி அத்தனையையும் தரையில் படியவைத்தால் ஒரு மில்லிமீட்டரில் சுமார் நூறில் ஒரு பங்கு கனம்தான் தேறும். உப்பு அதை உறிஞ்சினாலும் இத்தனை கோடுகளுக்குப் போதாது. நிலத்தடி ஊற்று என்று சொல்லலாமா? சில கோடுகள் தனித்து நிற்கும் சிகரங்களின் உச்சியை ஒட்டியே தொடங்கின. செண்பகத்தோப்புக்கு மேலே கோடையிலும் கசியும் ஓடைகளுக்குப் பின்னால் சோலைக்காடுகள் இருக்கின்றன. பெய்த மழையை வேரிலும் மட்கிலும் பிடித்துவைத்துச் சொட்டுச் சொட்டாக விடுகின்றன. செவ்வாய்ச் சிகரத்தின் மேலே என்ன இருக்கிறது, நீரைப் பிடித்துவைக்க?

2016இல் இன்னொரு அடி விழுந்தது. கோடுகள் உள்ள தரையும் இல்லாத தரையும் இரவில் எப்படிக் குளிர்கின்றன என்று இரண்டு ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். ஈர மண்ணும் காய்ந்த மண்ணும் ஒரே வேகத்தில் குளிர்வதில்லை. ஆனால் கார்னி என்ற பள்ளத்தில் வேறுபாடே தென்படவில்லை. நீர் இருந்தாலும் 3 விழுக்காட்டுக்கு மேல் இருக்க வழியில்லை என்று எழுதினார்கள். அது ஆற்றின் அளவு இல்லை. பாலைவன மணலின் ஈரம்.

முடிவான சாட்சி 2017 நவம்பரில் வந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் காலின் டண்டஸ் தலைமையிலான குழு, 10 இடங்களில் 151 கோடுகளை எடுத்துக்கொண்டது. ஒரே இடத்தை இரண்டு கோணங்களில் எடுத்த படங்களைச் சேர்த்து, சரிவை முப்பரிமாணமாக அமைத்தது. பிறகு அவர்கள் கேட்ட கேள்வி, என் பெரியப்பா கேட்டிருக்கக்கூடிய கேள்வி: இந்தக் கோடு எங்கே நிற்கிறது?

கோடுகள் இருந்தவை எல்லாம் 27 பாகைக்கு மேற்பட்ட சரிவுகள். சரிவு அந்த அளவுக்குக் குறையும் இடம் வந்ததும் கோடு நின்றுவிடுகிறது. ஒன்றுகூட அதைத் தாண்டிச் சமதரைக்கு இறங்கிப் போகவில்லை.

நீர் இப்படி நடந்துகொள்ளாது. அய்யனார் கோயில் ஆறு மலையை விட்டதும் நின்றுவிடுவதில்லை. நம் பக்கத்து ஓடைகளும் ஆறுகளும் கண்மாய்களை நிறைத்து, வைப்பாற்றோடு சேர்ந்து, ஒரு பாகைகூடத் தேறாத சரிவில் சாத்தூர் வழியாகப் போய்ச் சிப்பிகுளத்தில் கடலைத் தொடுகின்றன. கரிசல் காட்டில் எது மேடு, எது பள்ளம் என்று நம் கண்ணுக்குத் தெரியாது, தண்ணீருக்குத் தெரியும். மணலின் இயல்பு வேறு. குவியலாகக் கொட்டினால் 30 பாகையை ஒட்டிய ஒரு சரிவில் நின்றுவிடும். மேலும் கொட்டினால் கொஞ்சம் சரிந்து மறுபடி அதே கோணத்தில் நிற்கும். வீடு கட்டும் இடத்தில் லாரி மணலைத் தட்டிவிட்டுப் போன குவியலைப் பார்த்தாலே போதும். செவ்வாயின் ஈர்ப்பு நம்முடையதில் சுமார் 38 விழுக்காடுதான். ஆனாலும் மணல் நிற்கும் கோணம் பெரிதாக மாறுவதில்லை.

151 கோடுகளும் மணல் நிற்கும் இடத்தில் நின்றன. ஓடியது மணல்.

அந்தக் கட்டுரையின் ஆசிரியர்களில் ஆல்ஃபிரட் மெக்கீவனும் ஒருவர். 2011இல் உப்புநீராக இருக்கலாம் என்று உலகுக்குச் சொன்ன அதே மெக்கீவன். தன் பெயரை உலகறியச் செய்த கருத்தை, ஆறு ஆண்டுகளில் தானே கையெழுத்திட்டுத் திருத்தினார். இந்தத் தொடரில் எத்தனையோ பேரைப் பற்றி எழுதிவிட்டேன். லோவலுக்கு வாய்த்த தொலைநோக்கி அந்தக் காலத்துக்கு மிக நல்லது. மெக்கீவனுக்கு வாய்த்த இந்த மனம் அவருக்கு வாய்க்கவில்லை. அறிவியல் வரலாற்றில் என் மதிப்பில் உயர்ந்து நிற்கும் செயல்களில் இதையும் வைப்பேன்.

2018இல் அந்த உப்பின் அடையாளமும் ஆட்டம் கண்டது. நிறமாலைத் தரவுகளில் இரைச்சலை நீக்கும் கணிப்பு முறையே, சில இடங்களில் பெர்குளோரேட் போன்ற போலித் தடயத்தை உண்டாக்குகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதே ஆண்டு கோளையே மூடிய புழுதிப்புயல் ஒன்று அடித்து ஓய்ந்த பிறகு, கருங்கோடுகள் வழக்கத்தைவிட ஏராளமாக முளைத்தன. புழுதி புதிதாகப் படிந்தால் சரிவதும் அதிகமாகிறது. செவ்வாய்ச் சரிவுகளில் இன்னொரு வகையான, இன்னும் பெரிய கோடுகளும் உண்டு. அவற்றில் சுமார் 5 லட்சத்தைக் கணினியைக் கொண்டு தொகுத்த ஆய்வு 2025 மே மாதம் வந்தது. காற்றும் புழுதியும் செய்த வேலை அது; ஈரம் இல்லை என்பதே அதன் முடிவும். இந்தத் தீர்ப்புக்கு நடைமுறைப் பயன் ஒன்று இருக்கிறது. நீர் ஓடக்கூடிய இடம் என்றால் அங்கே ரோவரை விடக்கூடாது. நம் மண்ணின் நுண்ணுயிர் ஒட்டிக்கொண்டு போய் அங்கே முளைத்துவிடும் என்ற அச்சம். வறண்ட மணல் என்று உறுதியாக உறுதியாக அந்தச் சரிவுகளை நெருங்கிப் போய்ப் பார்க்க வழி பிறக்கும்.

அப்படியானால் செவ்வாயில் நீர் ஓடியதே பொய்யா? இல்லை. பழைய ஆறுகள் மறுக்க முடியாத உண்மை. அதற்குச் சாட்சி அய்யனார் கோயில் ஆற்றில் நாம் காலால் எற்றி விளையாடும் பொருள்தான்: கூழாங்கல். 2012 செப்டம்பரில் க்யூரியாசிட்டி ரோவர், கேல் பள்ளத்தின் தரையில் உருண்டு மழுங்கிய கற்கள் பதிந்த பாறையைக் கண்டது. அந்தக் கற்கள் காற்றால் தூக்கிவரக் கூடிய அளவுக்குச் சிறியவை அல்ல. கல்லின் அளவையும் உருட்சியையும் வைத்துக் கணக்கிட்டார்கள். நீர் கணுக்காலிலிருந்து இடுப்பு வரை ஆழம். ஆள் நடக்கும் வேகம். பெரியப்பா சொன்ன அதே இடுப்பளவு.

2021 பிப்ரவரி 18 அன்று பெர்சிவரன்ஸ் இறங்கிய ஜெசிரோ பள்ளத்தில், ஆறு ஒன்று ஏரியில் விழுந்து விரித்த வண்டல் விசிறி அப்படியே கிடக்கிறது. மலையை விட்டு இறங்கும் நம் ஓடைகள் கல்லை முதலிலும், சரளையை அடுத்தும், மணலைக் கடைசியிலும் போட்டுவிட்டுப் போகிற அதே ஒழுங்கை அங்கேயும் படிக்கிறார்கள்.

இந்தப் பழைய ஆறுகளின் பெயர்களில் நம் பக்கத்துப் பெயர்களும் இருக்கின்றன. பெரிய பள்ளத்தாக்குகளுக்குச் செவ்வாயைக் குறிக்கும் பல மொழிச் சொற்களைச் சூட்டுவது வழக்கம். அப்படி வந்ததுதான் ‘மங்களா’ பள்ளத்தாக்கு. சிறிய தடங்களுக்குப் பூமியின் ஆறுகளுடைய பெயர்கள். 2025இல் கேரளத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் முன்மொழிந்த சில பெயர்களைச் சர்வதேச வானியல் ஒன்றியம் ஏற்றது. தஞ்சை மண்ணில் பிறந்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் முதல் இந்திய இயக்குநரான எம்.எஸ். கிருஷ்ணனின் பெயர் ஒரு பள்ளத்துக்கு வந்தது. அந்தப் பகுதியின் நீர்த்தடம் ஒன்றுக்குப் பெரியாறு என்று பெயர். வத்திராயிருப்புப் பக்கம் பிளவக்கல் அணைக்கு வரும் பெரியாறு வேறு. இது, ராஜபாளையத்துக்குத் தெற்கே சிவகிரி மலையில் பிறந்து மேற்கே போகும் பெரியாறு. எங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் மலைத்தொடரின் மறுபக்கத்து ஆறு, இன்று செவ்வாய் வரைபடத்தில் இருக்கிறது. அந்தச் செய்தியைப் படித்த அன்று மாடிக்குப் போய் மேற்கே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவ்வளவு நீரும் எங்கே போயிற்று? அதைத் தேடியவற்றில் நம் மங்கள்யானும் ஒன்று. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. திட்ட இயக்குநர் திருநெல்வேலிச் சீமைக்காரரான சுப்பையா அருணன். பத்து மாதம் அணைந்து கிடந்த 440 நியூட்டன் திரவ எந்திரத்தை மறுபடி எழுப்ப முடியுமா என்பதுதான் எல்லோருடைய கவலையாகவும் இருந்தது. இத்தகைய எந்திரங்களைச் சோதிக்கும் தளம் இதே மலைத்தொடரின் தென்கோடியில், மகேந்திரகிரியில் இருக்கிறது. 2014 செப்டம்பர் 22 அன்று 4 நொடி எரியவிட்டுப் பார்த்தார்கள். 24ஆம் தேதி காலை அது கலத்தைச் செவ்வாயின் சுற்றுப்பாதையில் சேர்த்தது. கலத்தில் இருந்த ஐந்து கருவிகளில் ஒன்று, சுமார் 2 கிலோ எடையுள்ள லைமன் ஆல்ஃபா ஒளிமானி. செவ்வாயின் மேல்காற்றில் சாதாரண ஹைட்ரஜனுக்கும் கன ஹைட்ரஜனுக்கும் உள்ள விகிதத்தை அளப்பது அதன் வேலை.

அந்த விகிதத்தில் என்ன தெரியும்? ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா கிண்டுபவரிடம் கேளுங்கள். வாணலியில் மிஞ்சிய கோவாவைப் பார்த்தே எத்தனை லிட்டர் பால் ஊற்றியது என்று சொல்லிவிடுவார். நீரின் ஹைட்ரஜனில் லேசானது விண்வெளிக்கு எளிதில் தப்பிவிடும், கனமானது பின்தங்கும். செவ்வாயில் அப்படிப் பின்தங்கியது, நம் கடல்நீரில் உள்ள விகிதத்தைப்போல 5, 6 மடங்கு. இதை வைத்து நாசா ஆய்வாளர்கள் 2015இல் ஒரு கணக்குப் போட்டார்கள். கோள் முழுவதையும் 137 மீட்டர் ஆழத்துக்கு மூடும் அளவு நீர் ஒருகாலத்தில் இருந்தது. அதில் 87 விழுக்காடு விண்வெளிக்குப் போய்விட்டது. ஒரு பங்கு பாறைகளின் கனிமங்களுக்குள் சிக்கியிருக்கிறது என்பது பின்னால் வந்த திருத்தம். மீதி துருவங்களிலும் தரைக்கு அடியிலும் பனிக்கட்டியாக இருக்கிறது. தென்துருவப் பனிக்கு ஒன்றரை கிலோமீட்டர் கீழே ஏரி இருப்பதாக 2018இல் இத்தாலியர்கள் அறிவித்த கதையும், அதைச் சுற்றி எழுந்த சச்சரவும் அடுத்த பகுதியில்.

செவ்வாயின் தரையில் 300 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறுகள் ஓடின, அதில் ஐயமில்லை. இன்று அங்கே நீர் ஓடுகிறது என்பதற்கு உறுதியான சான்று ஒன்றும் கையில் இல்லை. 2015இல் ஓடும் நீர் என்று செய்தியானவை மணல் சரிவுகள் என்பதே இன்றைய நிலை.

நம் பகுதி ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பங்குனியில் ஆறு காய்ந்து கிடக்கும்போது, பிள்ளைகளை ஒரு பாகைமானியோடும் ஒரு செம்புத் தண்ணீரோடும் ஆற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். காய்ந்த மணலைக் கைப்பிடி கைப்பிடியாக ஒரே இடத்தில் கொட்டச் சொல்லி, குவியலின் சரிவை அளக்கச் சொல்லுங்கள். பிறகு செம்பைக் கவிழ்த்து, மணல் எங்கே நின்றது, தண்ணீர் எதுவரை போனது என்று பார்க்கச் சொல்லுங்கள். மலையில் மேகம் கட்டியிருந்தால் மட்டும் அன்றைக்கு ஆற்றில் இறங்க வேண்டாம்.